சான் மமேஸின் வெள்ளை வளைவு

ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் மண்ணின் பில்பாவோ நகருக்குள்ளே நூறாண்டு வாழ்ந்த கால்பந்து மைதானம் சான் மமேஸ். 1913-இல் பிறந்தது, 2013-இல் விடைபெற்றது. அத்லெட்டிக் கிளப்பின் ரசிகர்களுக்கு அது 'பேராலயம்'. அதன் பழைய படங்களை என்னோடு சேர்ந்து இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். அழகோடு அழகாக அங்கே ஒரு மரியாதையும் குடியிருப்பது தெரியும்.

கண் முதலில் போய் நிற்பது அந்த வெள்ளை வளைவில். 1953-இல் முதன்மை மாடத்துக்கு மேலே எழுந்த எஃகு வளைவு அது; அகலம் ஏறத்தாழ 115 மீட்டர். கூரையின் பாரத்தை மேலிருந்தே அது தாங்கிக்கொண்டதால், கீழே பார்வையை மறைக்கும் தூண்களுக்கு வேலையே இல்லை. அந்நாளைய மைதானங்கள் பலவற்றில் தூணுக்கு இப்பக்கமும் அப்பக்கமும் கழுத்தை வளைத்துத்தான் ஆட்டம் பார்க்க வேண்டும். இங்கோ, மாடத்தில் அமர்ந்தவருக்குப் பசும்புல் முழுதும் தடையின்றி விரிந்தது. பார்க்க வந்தவரை மதித்து வளைந்த எஃகு! மழை ஓயாத பில்பாவோவின் சாம்பல் வானத்தில் அந்த வெண்மை எத்தனை எடுப்பு!

அடுத்து, அத்லெட்டிக் ஆட்டக்காரர் பிச்சிச்சியின் மார்பளவுச் சிலை. ரஃபாயெல் மொரேனோ அரன்சாதி என்பது அவர் இயற்பெயர். இந்த மைதானத்தின் முதல் கோலை அடித்த அவர், 1922-இல், முப்பது வயதுகூட நிறையாமல் மறைந்தார். 1926-இல் சிலை வைத்தார்கள். இங்கே முதன்முறை ஆட வரும் அணியின் தலைவர் அதன் முன் மலர்க்கொத்து வைப்பது வழக்கமாயிற்று. தோற்கடிக்க வந்தவர் முதலில் வணங்குகிறார்! எதிரணியையும் வீட்டு மனிதராக்கும் இந்த முறையில்தான் எவ்வளவு கனிவு!

பெயரிலும் அதே கனிவு. சிங்கங்களுக்கு இரையாக வீசப்பட்ட புனிதர் மமேஸை அவை தீண்டவில்லை என்பது கதை. அருகிலிருந்த அவரது சிற்றாலயத்தின் பெயரை மைதானம் ஏற்றது; ஆட்டக்காரர்கள் 'சிங்கங்கள்' ஆனார்கள்.

பக்கத்திலேயே புதிய மைதானம் எழுந்தபோது சிலையும் மலர் வழக்கமும் அங்கே சேர்ந்தன. வளைவு, கிளப்பின் லெசாமா பயிற்சிக் களத்துக்குப் போனது. பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களையும் அங்கே ஆட்டம் பயின்றவர்களையுமே களமிறக்கும் கிளப் இது. நாளைய சிங்கங்கள் பந்து பழகும் இடத்தைவிட அந்த வளைவுக்குப் பொருத்தமான இடம் வேறில்லை.