பரங்கிமலையில் நின்ற கான் சாகிப்

என் வயசுக்காரர்களுக்கு மருதநாயகம் என்றால் வராமல் போன ஒரு சினிமா. 1997-இல் இங்கிலாந்து ராணி வந்து தொடங்கிவைத்து, பாதியில் நின்ற கமல் படம். வெள்ளைக்காரனை எதிர்த்துத் தூக்கில் தொங்கிய மாவீரன் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்தேன். நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

ஒன்று, நா. வானமாமலை பதிப்பித்து 1972-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘கான்சாகிபு சண்டை’ கதைப்பாடல். இன்னொன்று, எஸ்.சி. ஹில் 1914-இல் ஆங்கிலத்தில் எழுதிய யூசுப் கான் வரலாறு. கதைப்பாடலின் பெயரிலேயே சண்டை இருக்கிறது. மதுரையில் நடந்த கடைசிப் போரும் வீழ்ச்சியும்தான் அதன் மையம். ஹில் தன் தலைப்பில் அவரைக் ‘கலகக்காரத் தளபதி’ என்கிறார். நாம் கலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தளபதியை விட்டுவிட்டோம்.

அந்தத் தளபதி என்ன செய்தார்? பனையூரில் பிறந்தவர், கம்பெனிப் படையில் சேர்ந்து சிப்பாய்களுக்கெல்லாம் தலைவரானார். 1761-இல் புலித்தேவனின் நெற்கட்டும்செவலைப் பிடித்தவர் இவர்தான். புலித்தேவனையும் இவரையும் ஒரே பட்டியலில் விடுதலை வீரர்களாக எழுதுகிறோம். ஒருத்தர் கோட்டையை இன்னொருத்தர் தகர்த்த கதையை அந்தப் பட்டியலில் எங்கே வைப்பது?

நான் இருப்பது அனகாபுத்தூரில். வேலைக்குப் போகும்போது தினமும் பரங்கிமலையைக் கடக்கிறேன். 1759 பிப்ரவரி 9 அன்று அந்த மலையடியில் மேஜர் கெயிலாடின் படையோடு சேர்ந்து பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து நின்றார் யூசுப் கான். அடுத்த வாரமே சென்னைக் கோட்டையின் முற்றுகை விலகியது. வெள்ளைக்காரன் இந்த ஊரில் நிலைத்ததில் அவருக்கும் பங்குண்டு. நான்கே வருஷத்தில், ஆற்காடு நவாபுக்குக் கீழே அடங்கிப்போக மறுத்து, மதுரையில் அதே பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலிடப்பட்டார். மதுரையை முற்றுகையிட்ட கூட்டத்திலும் கம்பெனிச் சிப்பாய்கள் இருந்தார்கள். ஒரு காலத்தில் அவர் தலைமை தாங்கிய படை அது.

ஹில்லின் புத்தகத்தில் அவருடைய சேவக வருஷங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. ஆனால் எஜமானின் கண்ணிலிருந்து: எவ்வளவு விசுவாசம், எப்போது துரோகம். நம் பக்கம் அவை மௌனம். இந்த மௌனத்தைத்தான் நான் குறையாகச் சொல்கிறேன். தமிழில் சேவகன் என்ற சொல்லுக்கு வீரன் என்றும் வேலையாள் என்றும் இரண்டு பொருள் உண்டு. மருதநாயகத்தைப் பேசும்போது மட்டும் நமக்கு முதல் பொருள் போதுமாக இருக்கிறது.

ஏன் என்று எனக்குத் தெரியும் போலிருக்கிறது. நானும் கடல் தாண்டிய ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறவன். நல்லா செய்தால் பாராட்டு மெயில் வரும், மனசு குளிரும். அந்த வேலை யாருக்கு என்ன செய்கிறது என்று கேட்டதில்லை. சம்பளத்துக்காகத் திறமையாக உழைத்த யூசுப் கானைப் பார்த்தால் எனக்குக் கூசுகிறது. தூக்குமேடை யூசுப் கான் வசதியானவர், அவர் என்னை ஒன்றும் கேட்கமாட்டார்.

படம் என்றாவது வரட்டும், முதல் காட்சிக்கே போவேன். ஆனால் எனக்கு வேண்டியது ஒரு நாவல். அது மதுரையில் முடியட்டும், பரங்கிமலையிலிருந்து தொடங்கவேண்டும்.