நம் தன்வரலாறுகளில் தனித்தேர்வர் இல்லை

தமிழில் தலித் தன்வரலாறு என்று ஒரு வகை உருவாகி முப்பது வருசம் தாண்டிவிட்டது. 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. அதற்குப் பிறகு கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வந்திருக்கிறேன். சேரி, பள்ளிக்கூடம், விடுதி, கல்லூரி, வேலை என்று நகரும் இந்தப் பிரதிகளில் ஒரு ஆளை மட்டும் நான் மையமாகச் சந்தித்ததேயில்லை. ஆறாவதிலோ ஏழாவதிலோ பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டப்பட்டவர், பத்துப் பதினஞ்சு வருசம் பட்டறையிலும் தோட்டத்திலும் கிடந்தவர், மீசை நரைக்கத் தொடங்கும்போது எட்டாவது பரீட்சைக்கும் பத்தாவது பரீட்சைக்கும் பணம் கட்டுகிறவர். அரசுத் தேர்வுகள் இயக்ககம் அவருக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: நேரடித் தனித்தேர்வர். நம் இலக்கியம் அவருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

இதைக் குறையாகச் சொல்வதால் அந்தப் புத்தகங்களின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் அவற்றின் வடிவத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ‘கருக்கு’வில் நன்றாகப் படித்தால் மதிப்பு வரும் என்று அண்ணன் சொல்கிறார், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் பள்ளி, விடுதி, கல்லூரி, மடம் என்று போய் அங்கேயும் சாதியைக் கண்டு வெளியேறுகிறாள். கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ (2005) பள்ளி நினைவுகளால் நிரம்பியது. ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு காகிதம் ஆளை என்னவெல்லாம் செய்யும் என்று காட்டியது. கிறித்தவனாக இருந்தால் ஒரு பட்டியல், இந்துவாக மாறினால் இன்னொரு பட்டியல். வேலைக்காக சிலுவைராஜ் மதம் மாறுகிற இடம் தமிழில் சான்றிதழைப் பற்றி எழுதப்பட்டதிலேயே கூர்மையான இடம் என்பேன். ஆனால் மூன்றிலும் கதை சொல்கிறவர் படிப்பை விட்டு விலகாதவர். அடி வாங்கினார், அவமானப்பட்டார், ஆனாலும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அவரோடு ஆறாவது வரை உட்கார்ந்திருந்த இன்னொரு பையன் ஒரு பக்கத்தில் வந்து அடுத்த பக்கத்தில் காணாமல் போகிறான்.

அந்தப் பையன் எங்கே போனான் என்று பார்க்க வேண்டுமானால் வேறு ஆள் எழுதிய புத்தகத்துக்குப் போக வேண்டும். எங்கள் கொங்குப் பக்கத்தைப் பற்றிய பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) ஆடு மேய்க்கும் பண்ணையத்துச் சிறுவன் கூளையனின் கதை. நல்ல நாவல், சந்தேகமில்லை. ஆனால் எழுதியவர் அந்த வளவிலிருந்து வந்தவர் அல்லர். ஆக, படித்து முடித்த தலித் தன்னைத் தானே எழுதுகிறான்; படிப்பு அறுந்துபோன தலித் அடுத்தவர் கதையில் பாத்திரமாகிறான். அறுந்துபோன பிறகு தானே முடிச்சுப் போட்டுக்கொண்டவன் இரண்டு இடத்திலும் இல்லை.

இந்த முடிச்சு போடுகிற வேலை எப்படிப்பட்டது என்று கணபதியில் இருந்தால் தெரியும். சத்தி ரோட்டில் டெக்ஸ்டூல் ஸ்டாப்பிலிருந்து உள்ளே திரும்பினால் சந்துக்குச் சந்து லேத் பட்டறை, மோட்டார் பம்பு உதிரிபாகம், சின்னச் சின்ன வார்ப்பட வேலை. நான் அப்படியொரு பட்டறையில் பிசிறு தேய்த்துக்கொண்டிருந்தவன். 1992இல் எட்டாவது, 1994இல் பத்தாவது, இரண்டும் தனித்தேர்வு. பத்தாவது எழுதும்போது எனக்கு இருபத்தாறு வயசு. தேர்வு அறைக்குள் நுழைந்ததும், பெயிலாகித் திரும்ப எழுத வந்திருந்த பொடியன்கள் நாலு பேர் எழுந்து நின்று ‘வணக்கம் சார்’ என்றார்கள். நான் போய் அவர்களுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒருத்தன் சிரிச்சான் பாருங்க, அந்தச் சிரிப்பில் கேலியைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது.

படிப்பது பெரிய காரியமில்லை. காகிதம் சேர்ப்பதுதான் காரியம். படிப்பை விட்ட பள்ளியில் பதிவுத்தாள் வாங்க வேண்டும். பேர் வேண்டாம், அந்தப் பள்ளியில் என்னை மூன்று தடவை அலையவிட்டு, ‘இந்த வயசுல உனக்கு என்னத்துக்குடா’ என்றார்கள். பிறகு சாதிச் சான்று, பிறந்த தேதி, போட்டோவின் மேல் கெசட்டட் ஆபீசர் கையெழுத்து. கெசட்டட் ஆபீசர் யாரையும் தெரியாத தெருவில் பிறந்தவன் அந்தக் கையெழுத்துக்கு யார் வீட்டு வாசலில் போய் நிற்பான்? வாசலில் நின்ற அனுபவம் நமக்கு நிறைய உண்டு என்பது வேறு விசயம். எங்கள் காலத்தில் அறிவியலுக்குச் செய்முறை கிடையாது. இப்போது உண்டு, அதற்குத் தனியாகப் பேர் பதிந்து, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் செய்முறைப் பயிற்சி எடுத்தால்தான் பரீட்சைக்கு விண்ணப்பிக்க முடியும். அன்னாடம் கூலிக்குப் போகிறவருக்கு அத்தனை நாள் சம்பளம் போச்சு.

எதற்காக இந்தப் பாடு? அறிவு தாகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லாரியும் டாக்சியும் ஓட்ட லைசென்ஸ் வேண்டுமானால் எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதி இருந்தது. 2019இல்தான் அதை எடுத்தார்கள். அதுவரைக்கும் எத்தனை கிளீனர்கள் எட்டாவது எழுத டுடோரியல் வாசலில் நின்றார்கள் என்பது அந்த டுடோரியல்காரர்களுக்குத்தான் தெரியும். அங்கன்வாடியில் உதவியாளராக இருப்பவர் பணியாளர் ஆக வேண்டுமானால் படிப்புத் தகுதி வேண்டும். கூட்டுகிறவர், கழுவுகிறவர், காவல் இருப்பவர் ஒரு படி மேலே ஏற நினைத்தால் காகிதம் வேண்டும். அரியானாவில் 2015இல் ஊராட்சித் தேர்தலில் நிற்பதற்கே படிப்புத் தகுதி வைத்தார்கள். பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாவது, பெண்களுக்கும் தலித் ஆண்களுக்கும் எட்டாவது என்று வகுத்தார்கள். அதே வருசம் டிசம்பரில் உச்சநீதிமன்றம் அது செல்லும் என்றது. பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டியதும் ஊர்தான், பள்ளிக்கூடம் போகவில்லை என்று தேர்தலில் நிற்காதே என்பதும் ஊர்தான்.

இந்த இடத்தில் நம் கோட்பாட்டுத் தோழர்களோடு எனக்கு ஒரு பழைய தகராறு உண்டு. தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைக் கூட்டங்களுக்குப் போவேன். பள்ளிக்கூடம் அரசின் கருத்தியல் கருவி என்று அல்தூசரை வைத்துப் பேசுவார்கள். தேர்வு என்பது ஆளைக் கண்காணித்து, அளந்து, வரிசைப்படுத்தி, ஒரு கோப்பாக மாற்றும் அதிகாரத் தொழில்நுட்பம் என்று ஃபூக்கோவை வைத்துப் பேசுவார்கள். உண்மைதான். ஹால் டிக்கெட் எண்ணாக ஆனவனுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் பேசியவர்கள் பெயருக்குப் பின்னால் முனைவர் என்று இருந்தது. கண்காணிப்புக்கு உள்ளே போவதற்கே செலான் கட்டி வரிசையில் நிற்கிறவன் ஒருத்தன் உண்டு என்பது அந்தச் சொல்லாடலில் வரவேயில்லை. அவனைப் பொறுத்தவரை ஊர் அவனை ஏற்கெனவே ஒரு சொல்லில் அளந்து முடித்துவிட்டது. முப்பத்தஞ்சு மார்க் என்பது, சாதியைச் சேர்க்காமல் அவனைப் பற்றிப் போடப்பட்ட முதல் எண். சான்றிதழைக் கட்டுடைக்கலாம் தோழர், முதலில் எங்கள் கையில் ஒன்று கொடுங்கள்.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. பூலே தம்பதியர் 1855இல் உழைக்கிறவர்களுக்காக இரவுப் பள்ளி நடத்தினார்கள். சென்னையில் எல்.சி. குருசாமி அருந்ததியர்களுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தினார். அம்பேத்கர் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்களும் படிக்கும்படி காலை வகுப்பு வைத்தார். ‘கற்பி’ என்று அவர் சொன்னதை நாம் குழந்தைகளை மட்டும் மனதில் வைத்துப் புரிந்துகொண்டோம். சட்டை அழுக்கோடு ராத்திரியில் வந்து உட்காரும் ஆள் அந்தச் சொல்லில் முதலிலிருந்தே இருக்கிறார்.

2009ஆம் வருசத்தை நான் மறப்பதில்லை. அந்த ஏப்ரலில் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் 3. வளவில் வெடி வெடித்தார்கள். அதே வருசம் ஆகஸ்டில் இன்னொரு அரசாணை வந்தது. பத்தாவதும் பன்னிரண்டாவதும் தேறிய பிறகு வாங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்றது அது. இளங்கலைப் பட்டம் இல்லாமல் நேராக எம்.ஏ. வாங்கியது தொடர்பான வழக்கில் அதற்குச் சில மாதம் முன்புதான் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்திருந்தது. பள்ளிப் படிப்பு இல்லாமலே வயதை மட்டும் வைத்துப் பட்டப்படிப்பில் சேரலாம் என்று பல்கலைக்கழகங்களே விளம்பரம் கொடுத்து, பணம் வாங்கி, பட்டமும் கொடுத்திருந்தன. அந்தக் கதவு வழியாக உள்ளே போனவர்கள் யார்? இளவயதில் பெஞ்சை இழந்தவர்கள். ஒரு கை கதவைத் திறந்தது, இன்னொரு கை அந்த வழியாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. எம்.ஏ. முடித்துவிட்டுப் பத்தாவது பரீட்சைக்குப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். உள்வகைப்பாடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்ட் 1இல் உச்சநீதிமன்றம் சொன்னபோது எல்லாப் பத்திரிகையும் எழுதின. ஆகஸ்ட் 2009 ஆணையைப் பற்றி நம் ஆட்கள் ஒரு சிறுகதைகூட எழுதியதாக நான் பார்க்கவில்லை. நேரடியாகச் சொல்கிறேன், இது எழுதத் தகுந்த விசயம் என்று நம் எழுத்தாளர்களுக்குத் தோன்றவில்லை. ரத்தம் இல்லை, தீ இல்லை. செலானும் ஜெராக்ஸும்தான் இருக்கின்றன.

வங்காளத்தில் ஒருத்தர் எழுதினார். மனோரஞ்சன் பியாபாரி. சிறையில் இருக்கும்போது எழுத்துக் கற்றுக்கொண்டவர், பிறகு ரிக்‌ஷா இழுத்தவர். படித்த புத்தகத்தில் புரியாத ஒரு சொல்லுக்கு, வண்டியில் ஏறிய அம்மாவிடம் பொருள் கேட்டார். அந்த அம்மா மகாசுவேதா தேவி. அவர்தான் பியாபாரியை எழுதச் சொன்னார். 2012இல் தன்வரலாறு வந்தது, 2021இல் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார். பெரிய கதைதான், வணங்குகிறேன். ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அது அதிசயத்தின் கதை. தற்செயலாக ஒரு பெரிய எழுத்தாளர் வண்டியில் ஏற வேண்டும். தனித்தேர்வரின் கதையில் அதிசயம் கிடையாது. கணக்கில் இரண்டு தடவை போய், மூன்றாவது தடவை 37 எடுத்துத் தேறுவது எந்த வாசகனுக்கும் புல்லரிக்காது. புல்லரிக்காத இந்த நீளத்தை எழுதுவதற்கு நமக்கு ஒரு மொழி வேண்டும். ‘கருக்கு’ அந்தக் காலத்தில் தன் மொழியைத் தானே உண்டாக்கிக்கொண்டதைப் போல.

எங்கள் பக்கத்து வீதியில் அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கும் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், இப்போது பத்தாவதுக்குப் படிக்கிறாள். ராத்திரி எட்டரைக்கு மேல் நோட்டோடு வருவாள். ‘ஏனுங்ணா, இந்த எக்ஸு ஒரு கணக்குல நாலுங்குது, அடுத்த கணக்குல ஏழுங்குது. ஒரு சொல்லுல நிக்க மாட்டீங்குதே’ என்பாள். கணக்கைவிடத் தமிழில்தான் எனக்கு வேலை வந்தது. 2019இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ‘விருந்து போற்றுதும்!’ என்றொரு பாடம். தமிழர் விருந்தோம்பலின் பெருமை. கட்டுரை எழுதிப் பழகு அம்மிணி என்றேன். முன்னுரை, சங்க காலம், இன்றைய விருந்து, முடிவுரை என்று நூல் பிடித்த மாதிரி எழுதியிருந்தாள். மூன்றாவது பத்திக்கும் முடிவுரைக்கும் நடுவில் எட்டு வரி இருந்தது. சின்ன வயசில் அவளுடைய ஆத்தாவோடு பண்ணாடி தோட்டத்துக்குப் போனது. களத்தில் ஓரமாக நிற்கவைத்து, கொட்டாங்குச்சியில் மேலேயிருந்து காப்பித்தண்ணி ஊற்றியது. சுட்டது என்று கீழே வைத்ததற்கு ஆத்தா திட்டு வாங்கியது. எழுதிய எட்டு வரியின் மேலும் அவளே பேனாவால் கோடு போட்டிருந்தாள். ஸ்கேல் வைத்து, நேராக.

விமர்சகனாக அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பாடநூல் கேட்கும் ‘தமிழர்’ யார் என்பதற்கு அந்தக் கோட்டைவிட நல்ல விளக்கம் நான் வாசித்ததில்லை. அடிக்கப்பட்ட வரிகளில் இருப்பது தன்வரலாறு. அடிக்காத வரிகளில் இருப்பது வேலைக்கான மார்க். இரண்டையும் ஒரே கை ஒரே ராத்திரியில் எழுதியிருக்கிறது. எது எங்கே செல்லுபடியாகும் என்று அந்தக் கைக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. நம் தன்வரலாற்றாசிரியர்கள் வேலை கிடைத்த பிறகு எழுதினார்கள், அதனால் அடிக்காமல் எழுத முடிந்தது. இவள் இன்னும் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

அந்த எட்டு வரியை அப்படியே, கோட்டோடு சேர்த்து, பத்திரிகைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள்.

‘ரிசல்ட் வந்துரட்டுமுங்ணா’ என்றாள்.