உறங்காத கொடி

பிரான்சில் குளிர்காலம் வந்தால் திராட்சைக் கொடி உறங்கிவிடும். இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும். ஆண்டுக்கு ஒரே கவாத்து. மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் அதே கொடிக்கு உறக்கமே கிடையாது. ஏப்ரலில் ஒரு வெட்டு, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. அறுவடை பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை.

இது ஒயின்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. தாம்சன் சீட்லெஸ் என்ற தின்னும் ரகத்தைப் பயிரிட்ட விவசாயிகளுக்கு முன்பே கைவந்த வித்தை. கொடியை அதன் போக்கில் விட்டால் பழம் பருவமழையில் மாட்டி அடிச்சாம்பல் நோயில் அழியும். அதனால் மழைக்காலத்தில் கிளையை மட்டும் வளர்த்து, காய்ப்பைப் பனிக்காலத்துக்குத் தள்ளுகிறார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் கவாத்துதான் சூட்சுமம். அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் நாள் மாற்றி வெட்டி ஆண்டு முழுக்கப் பழம் எடுக்கிறார்கள்.

1997இல் ராஜீவ் சாமந்த் நாசிக்கில் தன் குடும்ப நிலத்தில் சாவிஞ்யோன் பிளாங், செனின் பிளாங் என்ற வெள்ளை ஒயின் ரகக் கொடிகளை நட்டார். 2000இல் அவரது சுலா ஒயின் கடைக்கு வந்தது. வெள்ளை ஒயினில் நாசிக் சம்பாதித்த பெயர் நியாயமானதே. இரவுக் குளிர் பழத்தின் புளிப்பைக் காக்கிறது. சிவப்பில்தான் கணக்கு உதைக்கிறது. தாமதமாகப் பழுக்கும் கேபர்னே ரகத்துக்குக் காத்திருந்தால் மார்ச் வெயில் புளிப்பைத் தின்றுவிடும். முந்திப் பறித்தாலோ பச்சை வாடையும் துவர்ப்பும்.

உறங்காத கொடியை ஒரே சமயத்தில் துளிர்க்கவைக்க இன்னொரு உபாயமும் வேண்டியிருக்கிறது. இரண்டாம் வெட்டு முடிந்ததும் பல தோட்டங்களில் ஹைட்ரஜன் சயனமைடு கரைசலைத் துணியில் தோய்த்துக் கணுக்களில் தடவுகிறார்கள். வெறுங்கையில் பட்டால் தோல் புண்ணாகும். கையாண்டவர் சில நாட்களுக்கு மதுவைத் தொடக்கூடாது. தொட்டால் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். ஒயின் கொடியில் வேலை பார்ப்பவருக்கு ஒயின் விலக்கு!

விவசாயியின் சிக்கல் வேறு. ஒயின் ரகம் சிறு பழம், தடித்த தோல், உள்ளே விதை. ஆலை வாங்காவிட்டால் சந்தையில் சீந்த ஆளில்லை. 2008, 2009 மந்தநிலையில் ஒயின் தேங்கியபோது ஆலைகள் கையை விரித்தன. பலர் கொடியைப் பிடுங்கிவிட்டுத் தின்னும் திராட்சைக்கே திரும்பினார்கள்.

2022 ஜனவரியில் சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் விற்க மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சொன்ன காரணம், விவசாயி நலன். சமூக ஆர்வலர் அண்ணா ஹசாரே எதிர்த்து உண்ணாவிரதம் என்றார். திட்டம் கிடப்பில் போனது. போகாமல் இருந்திருந்தாலும், தேங்கும் ஆண்டில் பழத்துக்கு யார் விலை தருவார் என்ற கேள்விக்கு அதில் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. நாசிக் திராட்சைப் பரப்பில் பெரும்பங்கு இன்றும் தின்னும் ரகங்களுக்குத்தான். அதற்கு வியாபாரி தோட்டத்துக்கே வருகிறார்.