பீஜ மந்திரத்தின் ஈற்றுப் புள்ளி

ஹ்ரீம், ஸ்ரீம், க்லீம், ஐம், கம் என்று பீஜ மந்திரங்கள் பெரும்பாலும் மூக்கொலியில் முடிகின்றன. தேவநாகரியில் அந்த ஒலி எழுத்தின் தலைமேல் ஒரு புள்ளி. கிரந்தத்தில் பக்கத்தில் ஒரு சிறு வட்டம். தமிழ்ச் சுலோகப் புத்தகங்களில் அது வெறும் ‘ம்’. உதட்டை மூடினால் போதும் என்ற எண்ணம் இந்த அச்சால் வந்தது.

இலக்கணத்தில் மகரம் வேறு, அந்தப் புள்ளி குறிக்கும் அனுஸ்வாரம் வேறு. பாணினியின் விதிப்படி சொல்லீற்று மகரம் மெய்யெழுத்துக்கு முன்னால்தான் அனுஸ்வாரமாகும். ஆகவே ‘ஹ்ரீம்’ என்று சொல்லி நிறுத்துபவர் உதடு மூடுவதில் பிழையில்லை. தொடர்ந்து சொல்லும்போதுதான் வேறுபாடு. ‘கம் கணபதயே’ என்பது ‘கங்கணபதயே’ ஆகலாம். அப்போது உதடு மூடுவதே இல்லை, அடிநாக்குதான் மேலெழுந்து அண்ணத்தைத் தொடுகிறது. சொல்லீற்றில் இத்திரிபைப் பாணினி கட்டாயமாக்கவில்லை. ரகர, ஹகரங்களுக்கும் ஶ, ஷ, ஸ மூன்றுக்கும் முன்னால் வரும் அனுஸ்வாரத்துக்குப் பாணினீய சிக்ஷை சுரைக்குடுக்கை வீணையின் ஒலியை உவமை சொல்கிறது. அவ்விடத்தில் தைத்திரீய சாகையார் ‘க்ம்’ போல ஒலிப்பது வேத பாராயண வழக்கு. பீஜங்களுக்கு அதைப் பொதுவிதியாக்க முடியாது.

தந்திர மரபின் நோக்கு ஒலிப்பிடத்தைத் தாண்டியது. கணபதி அதர்வசீர்ஷம் ‘கம்’ என்ற ஓரெழுத்தை ககாரம், அகாரம், அனுஸ்வாரம், பிந்து என்று பிரித்து, இவற்றைச் சேர்ப்பது நாதம் என்கிறது. காஷ்மீர சைவர்க்குப் பிந்து சிவம், விசர்க்கம் சக்தி. சைவாகம வழியினர் சிவனுக்குரிய பிராசாத மந்திரத்துக்கு 16 கலைகள் (நுண்கூறுகள்) வரை எண்ணுவர்.

நுட்பமான கணக்கு தேவி வழிபாட்டு மரபான ஸ்ரீவித்யையில் இருக்கிறது. காவிரிக்கரையில் பாஸ்கரராஜபுரத்தில் வாழ்ந்த 18ஆம் நூற்றாண்டின் பாஸ்கரராயர், வரிவஸ்யாரஹஸ்யத்தில் ஹ்ரீங்காரத்தின் ஈற்றை ஒன்பதாகப் பகுக்கிறார்: பிந்து, அர்த்தசந்திரன், ரோதினி, நாதம், நாதாந்தம், சக்தி, வியாபிகை, சமனை, உன்மனை. பிந்துவுக்கு 1/2 மாத்திரை. அடுத்தடுத்தவை பாதி பாதியாகக் குறைந்து சமனையில் 1/256 ஆகும்; உன்மனைக்குக் காலமே கிடையாது. எல்லாம் சேர்ந்தும் 255/256 மாத்திரைதான். இதை வாயால் அளந்து சொல்ல யாராலும் ஆகாது, பாவனைக்கு உரியது.

பிரணவத்துக்குத் தியானபிந்து உபநிடதம் காட்டும் உவமைகளில் ஒன்று மணியோசை. அடித்த மணியின் ஓசை தேய்ந்துதான் அடங்கும். பீஜத்தின் ஈற்றை மூச்சு உள்ளவரை ஒரே வலுவில் ரீங்காரமாக இழுக்கும் இன்றைய பழக்கம் பாஸ்கரராயரின் கணக்குக்குப் பொருந்தாது.