எல்எல்விஎம்: ஃபேப்ரிகேட்டரிலிருந்து கிட்ஹப்புக்கு

எல்எல்விஎம் என்பது கம்பைலர்களை உருவாக்கப் பயன்படும் திறமூல மென்பொருள் தொகுப்பு. 2000-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர் இதைத் தொடங்கினார். சி, சி++ மொழிகளுக்கான கிளாங் இதன் ஒரு பகுதி. ரஸ்ட், சுவிஃப்ட், ஜூலியா ஆகிய மொழிகளும் இதையே நம்பியுள்ளன. இங்கே நுழையும் ஒரு பிழை அடுத்தவர் நிரலில்தான் வெளிப்படும் என்பதால், நிரல் மீளாய்வு இச்சமூகத்தில் சடங்காக நடப்பதில்லை.

மீளாய்வுக்குப் பல ஆண்டுகள் பயன்பட்டது ஃபேப்ரிகேட்டர். ஃபேஸ்புக்கில் பிறந்த இக்கருவியைப் பின்னர் பராமரித்த ஃபேசிலிட்டி நிறுவனம் 2021-இல் பணியை நிறுத்திக்கொண்டது. 2023 செப்டம்பரில் எல்எல்விஎம் கிட்ஹப்பின் புல் ரிக்வெஸ்ட் முறையை ஏற்றது. கருவி கைவிடப்பட்டதே இடமாற்றத்துக்குக் காரணம் என்று சொல்வது பாதி உண்மைதான். நிரல் களஞ்சியம் 2019-இலும், வழுப்பதிவுகள் 2021 இறுதியிலும் கிட்ஹப்புக்குப் போய்விட்டன. எஞ்சியிருந்தது மீளாய்வு மட்டுமே. ஃபேப்ரிகேட்டரிலிருந்து கிளைத்த ஃபோர்ஜ் என்ற கட்டற்ற கருவியும் இருந்தது. ஆனால் அதற்குச் சொந்த வழங்கியைத் தொடர்ந்து பராமரித்தாக வேண்டும். அந்த வேலைக்குத் தன்னார்வலர் கிடைப்பது எந்தத் திட்டத்திலும் எளிதல்ல.

புதியவர்களுக்கு இதில் ஆதாயம் உண்டு. முன்பு தனிக் கணக்கு தொடங்க வேண்டும்; கட்டளைவரியில் வேலை செய்ய விரும்பினால் பிஎச்பியில் எழுதப்பட்ட ஆர்க் என்ற கருவியையும் நிறுவ வேண்டும். கம்பைலர் கற்க வந்த மாணவர் பிஎச்பி நிறுவுவதில் மாலைப்பொழுதைக் கழிப்பது வேடிக்கைதான். இப்போது கிட் தெரிந்தால் போதும்.

இழப்பு எங்கே என்றால், மீளாய்வின் அலகு மாறியதில். ஃபேப்ரிகேட்டரில் அலகு ஒரு பேட்ச். அதைத் திருத்தி அனுப்பும்போதெல்லாம் பழைய வடிவம் அப்படியே இருக்கும். நேற்றுப் பார்த்ததற்கும் இன்று வந்ததற்கும் என்ன வேறுபாடு என்று மீளாய்வாளர் எளிதில் காணலாம். கிட்ஹப்பில் அலகு ஒரு கிளை. ரீபேஸ் செய்து ஃபோர்ஸ் புஷ் கொடுத்தால் முந்தைய கருத்துகள் இடம் தெரியாமல் தவிக்கும். எனவே திருத்தங்களைப் புதிய கமிட்டுகளாக மேலே சேர்த்து, கடைசியில் ஒன்றாகச் சுருக்கி இணைக்குமாறு எல்எல்விஎம் வழிகாட்டி கேட்கிறது. கருவியின் குறையை இங்கே பங்களிப்பாளரின் ஒழுக்கம்தான் ஈடுகட்டுகிறது.

ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் பேட்ச் தொடரில் சிக்கல் இன்னும் கூடுகிறது. கம்பைலரில் பெரிய மாற்றம் ஒரே துண்டாக வருவது அரிது. முதலில் பழைய நிரலை ஒழுங்குபடுத்தும் பேட்ச், அதன்மேல் புதிய வசதி, அதன்மேல் அதைப் பயன்படுத்தும் இடங்கள் என்று வரும். ஃபேப்ரிகேட்டரில் இவற்றைத் தாய்-சேய் உறவாக இணைக்க முடிந்தது. கிட்ஹப்பில் இதற்கு மூலக் களஞ்சியத்துக்குள்ளேயே 'யூசர்ஸ்' என்ற முன்னொட்டுடன் கிளைகள் அமைத்து, ஒரு கோரிக்கையை இன்னொன்றின்மேல் நிறுத்துகிறார்கள். அப்படிக் கிளை அமைக்க எழுதும் உரிமை வேண்டும். அது இல்லாதவர் தம் சொந்தப் பிரதியிலிருந்து அனுப்பும் கோரிக்கைகளை இவ்விதம் அடுக்க முடியாது. புதியவரை வரவேற்கக் கொண்டுவந்த கருவியில், பெரிய மாற்றத்தைச் செம்மையாகப் பகுத்து அனுப்பும் வசதி மட்டும் உள்ளே இருப்பவர்களுக்கே வாய்த்திருக்கிறது. இவ்விடமாற்றத்தின்மீது வைக்கக்கூடிய கடுமையான குறை இதுவே. ஆண்ட்ராய்டு, கோ போன்ற திட்டங்கள் பயன்படுத்தும் கெரிட், ஒவ்வொரு கமிட்டையும் தனி மீளாய்வாக நடத்துவதால் இத்தொல்லை அங்கே எழுவதில்லை. ஆனால் கெரிட்டைப் பழகுவதும் புதியவருக்குச் சுலபமன்று.

பழைய மீளாய்வுகளை நிலையான பக்கங்களாகக் காப்பகப்படுத்தியது இந்த இடமாற்றத்தில் நன்றாகச் செய்யப்பட்ட காரியம். ஆயிரக்கணக்கான கமிட் குறிப்புகளில் 'டி' என்ற எழுத்தோடு தொடங்கும் மீளாய்வு எண்கள் உள்ளன. ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்ற விவாதத்துக்கு அவ்வெண்ணே வழி. ஃபேப்ரிகேட்டர் சமூகத்தின் சொந்த வழங்கியில் ஓடியதால் அதைப் பாதுகாப்பதும் சமூகத்தின் கையில் இருந்தது. இன்றைய விவாதங்கள் 2018 முதல் மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமான, மூலநிரல் திறக்கப்படாத ஒரு தளத்தில் சேர்கின்றன. கிட் களஞ்சியத்தை நகலெடுத்தால் நிரல் முழுவதும் வரும். புல் ரிக்வெஸ்டில் நடந்த உரையாடல் அதோடு வராது.