ஆறு பேர் பாய்ந்தால், ஐந்து பேர் ஓடட்டும்

2018 நவம்பர் 24 அன்று கொலம்பஸ் நகருக்கு வந்து இறங்கிய மிஷிகன் அணியின் தற்காப்புதான், அந்த வாரம் வரை அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலிலேயே மிகக் குறைந்த கெஜங்களை விட்டுக்கொடுத்திருந்த தற்காப்பு. பதினொரு ஆட்டங்களில் பத்து வெற்றி, தேசியத் தரவரிசையில் 4ஆம் இடம். ஒஹாயோ ஸ்டேட்டை வென்றால் பிக் டென் லீக் இறுதிப்போட்டி கைக்கு வரும். ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர்: ஒஹாயோ ஸ்டேட் 62, மிஷிகன் 39. ஒஹாயோ ஸ்டேட் குவார்ட்டர்பேக் டுவெய்ன் ஹாஸ்கின்ஸ் 396 கெஜம் எறிந்து ஆறு டச்டவுன்களைக் கொடுத்திருந்தார்.

மிஷிகனின் தற்காப்புப் பயிற்சியாளர் டான் பிரவுனுக்கு 'டாக்டர் பிளிட்ஸ்' என்றே பட்டப்பெயர். சிக்கல் எதுவானாலும் ஆக்ரோஷத்தால் தீர்த்துக்கொள் என்பது அவர் கட்சி. லைன்பேக்கர்களைக் குவார்ட்டர்பேக் மீது விடாமல் பாயவிடுவார், அதுதான் பிளிட்ஸ். பின்னால் நிற்கும் கார்னர்பேக்குகள் ஆளுக்கு ஓர் ஆளை ஒட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும், உதவிக்கு யாரும் வரமாட்டார்கள். 2016இல் அவர் பொறுப்பேற்றதிலிருந்து பெரும்பாலான அணிகள் இந்த நெருக்கடியில் திணறித்தான் போயின. ஒஹாயோ ஸ்டேட்டின் தாக்குதலை வகுத்த ரயன் டே அன்று கையில் வைத்திருந்த மருந்து ஒன்றே ஒன்று என்று சொன்னால் மிகைதான், ஆனால் பெரிய மிகை அல்ல. ரிசீவர்களைக் குறுக்கே ஓடவிட்டார். மறுபடியும் மறுபடியும் ஓடவிட்டார்.

ஏன் அது பலித்தது என்று பார்க்கக் கொஞ்சம் கூட்டல் கழித்தல் வேண்டும். பந்தை எறியும் அணியில் குவார்ட்டர்பேக்கைக் காக்க ஐந்து லைன்மேன்கள். பந்தைப் பிடிக்க ஓடக்கூடியவர்கள் ஐந்து பேர். எதிரணியில் வழக்கமாக நால்வர் பாய்வார்கள், ஏழு பேர் பின்னால் நின்று காப்பார்கள். ஐந்தாவது ஆள் பாய்ந்தால் பின்னால் ஆறு பேர்: ஐந்து ரிசீவர்களுக்கு ஐந்து பேர், ஆழத்தில் ஒரே ஒரு சேஃப்டி. ஆறாவது ஆளும் பாய்ந்தால் அந்த சேஃப்டியும் கிடையாது. மூன்று ஸ்லிப், ஷார்ட் லெக், சில்லி பாயின்ட் என்று பேட்ஸ்மேனைச் சூழ்ந்துவிட்டு கவர் பக்கம் முழுவதையும் காலியாக விடும் கேப்டனின் கணக்குதான் இது. விக்கெட் விழலாம், பந்து கோட்டையும் தொடலாம்.

இதைப் பார்த்ததும் எந்தப் பயிற்சியாளருக்கும் முதலில் தோன்றுவது, காவலுக்கு ஆள் கூட்டுவோம் என்பதே. ரன்னிங் பேக்கை நிறுத்து, டைட் எண்டை நிறுத்து, ஏழு பேர் காக்கட்டும். கல்லூரி ஆட்டத்தில் இந்த யோசனையைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். ரன்னிங் பேக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டிய லைன்பேக்கர், அவர் ஓடாமல் காவலுக்கு நிற்கிறார் என்று கண்ட நொடியிலேயே வேலையற்றவர் ஆகிவிடுகிறார். வேலையற்ற லைன்பேக்கர் என்ன செய்வார்? அவரும் பாய்வார். நீங்கள் ஒரு காவலரைச் சேர்த்தீர்கள், அவர்கள் ஒரு பாய்ச்சல்காரரைச் சேர்த்துக்கொண்டார்கள். பந்தைப் பிடிக்க ஓடுபவர்களில் ஒருவர் குறைந்ததுதான் மிச்சம். ஏழு பேர் காவலுக்கு ஒரு பயன் உண்டு. ஆட்டத்தில் ஓரிரு முறை, சேஃப்டி இல்லாத ஆழத்தில் ஒரு நீண்ட பாஸை எறிய நேரம் வாங்கித் தரும். அதையே அன்றாடச் சோறாக்கினால் அணி பட்டினிதான்.

குறுக்கே ஓடுவதற்கு வருவோம். இதன் பழைய வடிவம் மெஷ். இரண்டு ரிசீவர்கள் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஐந்தாறு கெஜ ஆழத்தில், தோள் உரசும் நெருக்கத்தில் ஒருவரையொருவர் தாண்டி ஓடுவார்கள். ஒட்டிப் பிடித்து வரும் தற்காப்பு வீரர்கள் இருவரும் அந்த நெரிசலில் முட்டிக்கொள்ள வேண்டும், அல்லது சுற்றிக்கொண்டு போக வேண்டும். எப்படிப் போனாலும் இரண்டு அடி பின்தங்குவார்கள். ரிசீவர் வேண்டுமென்றே தற்காப்பு வீரரை மறித்தால் தவறு, ஆனால் வழியில் ஓடிக்கொண்டிருப்பது தவறில்லை. பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் லவெல் எட்வர்ட்ஸ் காலத்தில் கையாளப்பட்ட இதை எடுத்து ஹால் மம்மியும் மைக் லீச்சும் தங்கள் 'ஏர் ரெய்ட்' முறையின் முதுகெலும்பாக ஆக்கினார்கள். கல்லூரி உலகம் முழுக்க அது பரவியது அதன் பிறகுதான்.

நடுவில் நிற்க வேண்டிய லைன்பேக்கர் குவார்ட்டர்பேக்கைத் துரத்தப் போய்விட்டார் என்றால், குறுக்கே ஓடுபவர் பந்தைப் பிடிக்கும் இடத்தில் ஆளே இருப்பதில்லை. எறிந்த தூரம் ஐந்து கெஜம், ஓடிய தூரம் நாற்பது. அன்று ஒஹாயோ ஸ்டேட் ரிசீவர் பாரிஸ் கேம்பெல் ஆறே பந்துகளைப் பிடித்து 192 கெஜம் எடுத்தார். அதில் 78 கெஜ டச்டவுன் ஒன்று. அவர் பக்கவாட்டில் ஓடி வர, ஹாஸ்கின்ஸ் பந்தைக் கையில் தட்டிவிட்டதுதான் அந்தப் பாஸ் முழுவதும். காற்றில் போன தூரத்தை அங்குலத்தில்தான் சொல்ல வேண்டும். மிஷிகனின் முன்வரிசை எவ்வளவு வேகமாக உள்ளே பாய்ந்ததோ அவ்வளவு வேகமாக ஆட்டத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. மிஷிகன் ஒட்டிப் பிடிக்கும் முறையைப் பெரிதாக மாற்றவும் இல்லை. முதல் பாதி 24-19 என்றுதான் முடிந்தது, தன் வழி பலிக்கும் என்று பிரவுன் நம்பியிருக்கலாம். பிடிவாதம் அவருடைய பலம், அன்று அதுவே வினையானது.

கல்லூரி ஆட்டம் தொழில்முறை என்எஃப்எல் ஆட்டத்தின் இளைய பிரதி என்று நினைத்தால் பிளிட்ஸுக்கான பாதி விடைகள் கண்ணுக்குப் படாது. மைதானத்திலேயே வித்தியாசம் இருக்கிறது. 160 அடி அகலத் திடலில் பந்தை வைக்கும் இரு குறிக்கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18.5 அடி. பந்து ஓரக்குறியில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடிச் சந்து, மறுபக்கம் 100 அடி வெளி. கல்லூரித் தற்காப்புகள் அந்தச் சந்துப் பக்கத்திலிருந்து கார்னரையோ சேஃப்டியையோ பாயவிட விரும்புவது ஓட வேண்டிய தூரம் குறைவு என்பதால்தான். விடை மறுபக்கத்தில், 100 அடி வெளியில் இருக்கிறது. அங்கே வேகமான ஒருவருக்குச் சட்டென்று பந்தை எட்டவைத்தால் போதும்.

விதிகளும் தாக்கும் அணிக்குச் சாதகம். என்எஃப்எல்லில் பாஸ் எறியும்போது லைன்மேன்கள் ஒரு கெஜத்துக்கு மேல் முன்னேறக் கூடாது, கல்லூரியில் மூன்று கெஜம் வரை போகலாம். லைன்மேன்கள் ஓட்ட ஆட்டத்துக்கே உரியபடி முன்னேறித் தள்ள, பந்தை ரன்னிங் பேக்கிடம் கொடுப்பதா, எடுத்து எறிவதா என்று குவார்ட்டர்பேக் கடைசி நொடியில் முடிவு செய்யும் ஆர்பிஓ கல்லூரியில் செழித்ததற்கு அந்த இரண்டு கெஜம் பெரிய காரணம். லைன்பேக்கர் பாய்ந்தால் அவர் விட்டுப்போன இடத்துக்குப் பாஸ், நின்றால் ஓட்டம். பாய்கிறவரே விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். ஸ்க்ரீன் பாஸ் இன்னும் சுகம். பந்து தொடக்கக் கோட்டைத் தாண்டாமல் பிடிக்கப்பட்டால், கல்லூரி விதியில் மற்ற ரிசீவர்கள் முன்னால் ஓடி ஆள் மறிக்கத் தடையில்லை. ஆறு பேர் குவார்ட்டர்பேக்கை நோக்கி வர, பந்து அவர்கள் தலைக்கு மேலே போய், மூன்று லைன்மேன்கள் முன்னே வழிவிலக்க ஒருவர் ஓடும் காட்சி, பிளிட்ஸ் அழைத்தவரின் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

ஹாஸ்கின்ஸுடன் போட்டியிட்டு முதலிடம் கிடைக்காமல் 2018இல் ஒஹாயோ ஸ்டேட்டை விட்டுப் போனவர் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ. அவர் போய்ச் சேர்ந்த எல்எஸ்யூ கல்லூரி அணிதான் என் வாதத்துக்கு இன்னொரு சாட்சி. 2019 பருவத்துக்கு முன் எல்எஸ்யூ, நியூ ஆர்லீன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து ஜோ பிராடி என்ற இளைஞரைப் பாஸ் ஆட்டத்தை வகுக்க அழைத்து வந்தது. ஆட்டத்தை அழைப்பவர் மூத்தவர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர். இருவரும் சேர்ந்து செய்த துணிச்சலான காரியம், காவலுக்கு ஐந்து லைன்மேன்கள் மட்டும் போதும், மீதி ஐந்து பேரும் ஓடட்டும் என்று வைத்ததுதான். ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் அந்தப் பருவத்தில் 55 பந்துகளைப் பிடித்தார்.

2020 ஜனவரி 13, நியூ ஆர்லீன்ஸில் தேசிய இறுதிப்போட்டி. எதிரே தொடர்ந்து 29 ஆட்டங்களை வென்றிருந்த கிளெம்சன். அதன் தற்காப்பை நடத்தியவர் பிரென்ட் வெனபிள்ஸ். யார் பாய்வார், யார் பின்வாங்குவார் என்று கடைசி வரை தெரியவிடாமல் ஆட்களை நகர்த்துவதில் மன்னர். தொடக்கத்தில் அவர் கைதான் ஓங்கியது. எல்எஸ்யூ சொந்த எல்லைக்கருகே முடங்கிப் பந்தை உதைத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் கிளெம்சன் 17-7 என்று முன்னிலை. அந்த நேரத்தில் பல அணிகள் காவலுக்கு ஆள் கூட்டியிருக்கும். எல்எஸ்யூ கூட்டவில்லை. எல்எஸ்யூ ரிசீவர் ஜா'மார் சேஸை ஒட்டிப் பிடிக்கத் தனியாக நின்றவர் ஏ.ஜே. டெரல், நல்ல கார்னர்தான். ஆனால் உதவியில்லாத கார்னர். சேஸ் 9 பந்துகளில் 221 கெஜம் எடுத்தார். பாதுகாப்பு உடைந்தபோது பர்ரோ காலை நம்பினார். இடைவேளைக்கு முன் மூன்றாம் முயற்சியில் பத்து கெஜம் தேவைப்பட்ட இடத்தில் 29 கெஜம் ஓடினார். எல்லோரும் ரிசீவர்களுக்கு முதுகுகாட்டாமல் ஒட்டி ஓடும்போது குவார்ட்டர்பேக்கைப் பார்க்க ஆளில்லை. 42-25. பர்ரோவின் கணக்கு 463 கெஜம், ஐந்து டச்டவுன் பாஸ்கள்.

பர்ரோ கிடைத்தால் யாரும் இதைச் செய்யலாமே என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஐந்து பேர் காவலில் ஆறாவது ஆள் தடையின்றி வருவார், அவருக்குப் பொறுப்பு குவார்ட்டர்பேக்தான். அடிபடப்போகிறோம் என்று தெரிந்தே, கண்ணை எதிரே வைத்து, காலியான இடத்துக்குப் பந்தை விட வேண்டும். பத்தொன்பது இருபது வயதுப் பையனுக்கு அது பாடத்தால் மட்டும் வருவதில்லை. அதோடு கல்லூரி விதிகள் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரப் பயிற்சிதான் அனுமதிக்கின்றன. ஐம்பது விதமான பிளிட்ஸுக்கு ஐம்பது விடை கற்பிக்க நேரமே கிடையாது. அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் விடைகளைக் குறைக்கிறார்கள். எதிரே நடு லைன்பேக்கர் யார் என்று பந்து ஆட்டத்துக்கு வரும் ஸ்னாப்புக்கு முன் ஒருவர் கைகாட்டுவார், லைன் முழுவதும் அவரை வைத்தே எண்ணிக்கொள்ளும். உள்ளே வருபவரை முதலில் மறி, வெளியே சுற்றி வருபவருக்குத் தூரம் அதிகம். மிஞ்சியவர் குவார்ட்டர்பேக்கின் ஆள், அவர் விட்டுப்போன இடத்தில் ஒரு ரிசீவர் பாதியில் திரும்பி நிற்பார். இவ்வளவுதான். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அணி, கனமான ஏடு வைத்திருக்கும் அணியை விடப் பிளிட்ஸை நன்றாகச் சமாளிக்கிறது. பந்தை ஏந்தி ஓடுவதில் கெட்டிக்காரர்களான ரன்னிங் பேக்குகள் பலர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். 110 கிலோ லைன்பேக்கர் ஓடிவரும்போது நெஞ்சைக் கொடுக்கத் தெரியாதவரை மூன்றாம் முயற்சியில் யாரும் களமிறக்க மாட்டார்கள்.

ஸ்னாப்புக்கு முன்னான நொடிகளில் இன்னொரு போர் நடக்கிறது. குவார்ட்டர்பேக் கைதட்டிப் பந்தைக் கேட்பதுபோல் பாசாங்கு செய்வார். பாயக் காத்திருக்கும் சேஃப்டி ஓரடி முன்னால் வந்துவிடுவார், குட்டு வெளிப்படும். அணி முழுவதும் ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்து ஆட்டத்தை மாற்றிக்கொள்ளும். எதிரணி ஊரில் ஒரு லட்சம் பேர் கத்தும் அரங்கில் இந்தத் தந்திரம் பாதி செத்துவிடும் என்பது வேறு விஷயம். 2024 முதல் உயர்மட்டக் கல்லூரி அணிகளில் களத்தில் உள்ள ஒரு வீரரின் ஹெல்மெட்டில் வானொலி அனுமதிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் 40 நொடிக் கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது அது அணைந்துவிடும். தற்காப்பு தன் முகத்தைக் காட்டுவது அதற்குப் பிறகுதான்.

மிஷிகனுக்கு எதிராக ஒஹாயோ ஸ்டேட் 2019இலும் 56 புள்ளிகள் எடுத்தது. 2020 பருவத்தோடு பிரவுன் வெளியேற, பால்டிமோர் ரேவன்ஸிலிருந்து மைக் மெக்டொனால்ட் வந்தார். அவர் பாய்பவர்களின் எண்ணிக்கையை நம்பவில்லை. ஆறு பேர் பாய்வதுபோல் நிற்பார்கள், நால்வர்தான் வருவார்கள். எந்த நால்வர் என்பது பந்து நகர்ந்த பிறகே தெரியும். மீதி ஏழு பேர் பின்னால் இருப்பதால் குறுக்கே ஓடுபவருக்கு முன்னே காலி இடமே இல்லை. சட்டென்று எறியும் பாஸ், பின்வாங்கி நிற்கும் ஒரு தற்காப்பு லைன்மேனின் கைக்கே போகலாம். 2021 நவம்பர் 27 அன்று மிஷிகன் 42-27 என்று வென்றது. 2011க்குப் பிறகு ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான முதல் வெற்றி. மிஷிகனின் ஏடன் ஹட்சின்சன் மட்டும் மூன்று முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினார். ரயன் டே அப்போது ஒஹாயோ ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர். அவர் கையில் இருந்த குறுக்கோட்டங்கள் ஆறு பேர் பாய்ந்தால் வெட்டக் கூர்தீட்டியவை. நால்வரே வந்து, அந்த நால்வரில் ஒருவரை ஒற்றை லைன்மேனால் தடுக்க முடியாதபோது, அவருக்கு வேண்டியிருந்தது ஓட்ட ஆட்டமும் பொறுமையும். அன்று பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி வென்றது மிஷிகன்தான்.