இரும்புக்கை மாயாவி ஏன் சலித்தான்?
வில்கமுவயில் என் மகனுக்கு சொனிக் அலுத்துவிட்டது. 1991இல் ஓடத் தொடங்கிய முள்ளெலியை 2008இல் இரவில் ஓநாயாக்கிக்கூடப் பார்த்தார்கள். எனக்கு இரும்புக்கை மாயாவியும் இப்படித்தான் அலுத்தான். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்தவன். மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரியும், உடல் மறையும். 1962இல் ஆங்கிலத்தில் தொடங்கியபோது அவன் குற்றவாளி. என்ன செய்வானோ என்ற அச்சம் வாசகனுக்கு இருந்தது. பின்னர் உளவாளியாக்கினார்கள். விரலுக்குள் துப்பாக்கி வந்தது, சபலம் போயிற்று.

வயதல்ல காரணம். முல்லா நஸ்ருத்தீன் எத்தனை நூற்றாண்டுக்காரர்! ஒரு கதையில் ஞானி, மறு கதையில் வடிகட்டிய முட்டாள்.

நம்மவர் எழுதும் சிறுவர் கதைகளிலோ நாயகன் முதல் வரியிலேயே நல்லபிள்ளை. பக்கத்து வளவு மாங்காயைத் திருடிவிட்டு உம்மாவிடம் பொய் சொல்லும் ஒருவனை நான் அவற்றில் இன்னும் சந்திக்கவில்லை.